தொட்டிக்குள் வந்த அழையா விருந்தாளி



செலையூரிலிருந்து சகோதரர் ஒருவர் நமக்கு ஒரு மடல் வரைந்துள்ளார். அவர் இல்லத்தில் மூன்றடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறதாம். அதில் இரு கோமாளி மீன்களும் ஒரு நீல மீனும் வளர்ந்து வந்தன. சென்ற மாதம் கடையிலிருந்து ஒரு பாறைத் துண்டை வாங்கி உள்ளே வைத்தார். அதற்குப் பின் இரவு நேரங்களில் அப்பாறையின் பொந்திலிருந்து கால்கள் பல கொண்ட புழு ஒன்று எட்டிப் பார்க்கிறது. போன வாரம் நீல மீன் இறந்து கிடந்தது. அதன் உடலை அப்புழு கடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு வீட்டார் அஞ்சிவிட்டனர். பாறையைக் கொதிக்கும் நீரில் போட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்கிறான் மகன். எந்த உயிரையும் கொல்ல வேண்டாம், எல்லாவற்றையும் வாளியில் எடுத்துக் கோவளம் கடலில் விட்டுவிடலாம் என்கிறார் துணைவியார். புழுவைப் பிடித்து நசுக்கிவிட வேண்டும் என்பது அவருடைய கருத்து. "இது என்ன பிராணி? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று அவர் வினவுகிறார்.

முதலில் இரண்டாம் கேள்விக்கு விடை கூறிவிடுவோம். மூன்றில் எதையும் செய்ய வேண்டாம். மகன் சொன்ன யோசனை குடும்பத்துக்கே ஆபத்தானது. துணைவியார் சொன்னது இரக்கத்திலிருந்து எழுந்தது; ஆயினும் அதில் பிறருக்குப் பெருந்தீங்கு விளையக்கூடும். சகோதரரின் யோசனை இந்த இரண்டையும்விடச் சிறிய தவறுதான். என்றாலும் குற்றவாளி யாரென்று தெரியுமுன் தண்டனை வழங்குவதாகும். இவற்றுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவை எங்கிருந்து வருகின்றன?

கடலில் கிடந்த கல் எதுவும் வெறுங்கல் அன்று. அதன் ஒவ்வொரு துளையும் ஒரு வீடு. நண்டும், இறாலும், புழுவும், சிப்பியும், கடற்பஞ்சும் அதனுள் குடியிருக்கும். கல்லை நீரிலிருந்து எடுத்தவுடன் அவை உள்ளே பதுங்கிக்கொள்ளும். ஈரம் இருக்கும்வரை பல மணி நேரம், சில வேளைகளில் நாட்கணக்கில்கூட, உயிரோடிருக்கும். கல் மட்டுமல்ல, மணல், பாசிக்கொத்து, சங்கு, வேறொரு தொட்டியிலிருந்து வந்த செயற்கைப் பாறை ஆகிய எதுவும் இவற்றைச் சுமந்து வரலாம். கடற்கரையிலிருந்து கேனில் கொண்டுவரும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் இளம் உயிர்களும் மிதக்கின்றன. ஆகவே வாங்காத பிராணி ஒன்று திடீரெனத் தோன்றினால் வியப்படைய வேண்டியதில்லை. பேருந்தின் பின்புற ஏணியில் தொற்றிக்கொண்டு சீட்டில்லாமல் வந்த பயணி அது.

பாறையைப் பற்றிப் பேசும்போதே சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் பவள உயிர்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புலிக்கும் யானைக்கும் அளிக்கப்படும் அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கிருந்து பவளப் பாறையை உடைத்து எடுப்பதும், அதை விற்பதும், வாங்குவதும் குற்றமாகும். எனவே பாறை வாங்குவோர் அது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிட்டு, சிமெண்டிலோ சுட்ட மண்ணிலோ செய்யப்பட்ட பாறையை வாங்குவதே முறை. மீன்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

பெயர் அறிந்தோர் வாழ்ந்த ஊர்

கடலுயிர்களுக்குப் பெயர் தேடும் வேலை நம் ஊருக்குப் புதியதன்று. இந்தியாவின் முதற்பெரும் கடல்நீர் மீன் காட்சியகம் 1909ஆம் ஆண்டு சென்னை மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கான திட்டத்தை வகுத்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

தாம்பரத்தவர் பெருமையுடன் நினைக்க வேண்டியவர் இன்னொருவர் உண்டு. அவர் ஜே. ஆர். ஹெண்டர்சன். இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937க்கு முன் நகரின் நடுவே இருந்தது. அக்காலத்தில் அங்கே உயிரியல் கற்பித்தவர் அவர். சாலஞ்சர் என்னும் ஆய்வுக்கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிச் சேகரித்த துறவி நண்டுகள், பீங்கான் நண்டுகள் முதலியவற்றை ஆராய்ந்து 1888இல் அறிக்கை வெளியிட்டவர் அவரே. 1893இல் இந்தியக் கடல் நண்டுகளையும் இறால்களையும் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு வெளிவந்தது. பின்னாளில் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற எஃப். எச். கிரேவ்லி, பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பை 1927இல் பிறரோடு சேர்ந்து வெளியிட்டார். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சங்குகளையும் பிற உயிர்களின் எச்சங்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் வந்தது. காலையில் கடற்கரையில் நடப்பவர் காலில் இடறும் சங்கு எது என்று அறிவதற்காகவே ஒரு நூல்! இவர்களிடம் இன்றைய கருவிகள் இல்லை. பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தன. செலையூர்ச் சகோதரருக்கும் அவை இரண்டுமே தேவை.

எப்படிப் பார்ப்பது?

இவ்வுயிர்களுள் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டால் நல்லது. சிவப்பு ஒளி இவற்றுள் பலவற்றின் கண்ணுக்குத் தென்படுவதில்லை, ஆகவே அஞ்சி ஓடமாட்டா. கைப்பேசியில் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அருகில் ஓர் அளவுகோலைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் உருவத்தின் அளவு தெரியும்.

பார்க்கும்போது "இது பயங்கரமானதா?" என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உடல் வளையம் வளையமாகப் பிரிந்துள்ளதா, ஒரே திரட்சியாக உள்ளதா? கால்கள் உண்டா? உண்டெனில் எத்தனை இணை? முன்கை இரண்டும் ஒரே அளவா? தலையில் உணர்கொம்புகள் எத்தனை? ஓரிடத்தில் ஒட்டியிருக்கிறதா, ஊர்கிறதா, நீந்துகிறதா? எதை உண்கிறது? இவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஒரு வாரக் குறிப்பு கையிலிருந்தால், அறிந்தவர் எவரும் பத்து நிமிடத்தில் அதன் குடும்பத்தையாவது கூறிவிடுவர். "ஏதோ புழு, அசிங்கமாக இருக்கிறது" என்று சொன்னால் மேதையாலும் உதவ முடியாது.

நாம் நண்பர் என்று கொள்ளத் தக்கவை

கண்ணாடிமேல் வெண்புள்ளிகள் போல் துள்ளித் திரிபவை இறாலின் தூரத்து உறவினர்களான நுண்ணுயிர்கள். அவை மீன்களுக்கு உணவு. அரிசி அளவில் பக்கவாட்டில் வளைந்து பாய்பவையும் அவ்வினமே. அவை பெருகினால் தொட்டி நலமாயிருக்கிறது என்று பொருள்.

கண்ணாடியிலும் குழாயிலும் வெள்ளைச் சுருள்களாக ஒட்டியிருப்பவை நத்தைகள் அல்ல. சுண்ணாம்புக் கூட்டுக்குள் வாழும் சின்னஞ்சிறு புழுக்கள். நீரை வடிகட்டி உண்பவை, தீங்கற்றவை. நடுவில் வட்டத் தட்டும், அதிலிருந்து பாம்பு போல் நெளியும் ஐந்து கைகளும் உடையது, எளிதில் ஒடியும் ஒரு வகை நட்சத்திர மீன். மீதமான உணவைத் தேடித் தின்னும் துப்புரவுத் தொழிலாளி அது. விரல் நகம் அளவில், கை நீளமற்ற சாம்பல் நிற நட்சத்திர மீன்கள் தம் உடலையே பிளந்து பெருகும். எண்ணிக்கை மிகுந்தால் சிலவற்றை எடுத்துவிட்டால் போதும்.

நண்டுகளைக் கண்டவுடன் பலர் பதறுவர். தட்டையான உடலும் நீண்ட உணர்கொம்பும் கொண்டு, விசிறி போன்ற வாயுறுப்பை நீரில் வீசி வீசி உண்ணும் நண்டைப் பார்த்தால் அது பெரும்பாலும் பீங்கான் நண்டு. சாதாரண நண்டுக்குக் கொடுக்கு நீங்கலாக நான்கு இணைக் கால்கள் வெளியே தெரியும். இதற்கு மூன்று இணையே தெரியும். ஹெண்டர்சன் ஆராய்ந்த கூட்டத்தைச் சேர்ந்தது இது. யாருக்கும் கேடு செய்யாது. பவளக் கிளைகளுக்குள் வாழும் வேறொரு சிறு நண்டோ, பவளத்தைத் தின்ன வரும் நட்சத்திர மீனைக் கிள்ளி விரட்டித் தன் வீட்டைக் காக்கும் காவலாளி. கொடுக்கின் நுனி கரண்டி போல் அகன்றிருந்தால் பாசி மேய்வதற்காக இருக்கலாம். ஊசி போல் கூர்ந்திருந்தால் ஐயப்பட இடமுண்டு. ஆனால் இது தோராயமான அடையாளமே. உணவு உண்ணும்போது பார்ப்பதே உறுதி.

இனிச் சகோதரரின் புழுவுக்கு வருவோம். வளையம் வளையமான உடலும், ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் மெல்லிய சுணைகளும் உடையதெனில் அது சுணைப்புழு வகை. இவ்வகைப் புழுக்களுள் பெரும்பாலானவை இறந்ததையும் மீந்ததையும் தின்று நீர் கெடாமல் காப்பவை. அது மீனின் உடலைத் தின்றதைச் சகோதரர் பார்த்தார். மீனைக் கொன்றதைப் பார்க்கவில்லை. பிணத்தின் அருகே நிற்பவன் எல்லாம் கொலைகாரன் அல்லன், வெட்டியானாகவும் இருக்கலாம். புதுப்பாறையை வைத்தபின் நீரில் அம்மோனியா கூடுவதுண்டு. பாறையோடு வந்து பொந்தில் இறந்துபோன உயிர்கள் அழுகுவதே அதற்குக் காரணம். நீல மீன் அதனால் மாண்டிருக்கலாம். நீரைச் சோதித்துப் பார்க்காமல் புழுவை நசுக்கினால், நோய் அப்படியே இருக்கத் துப்புரவாளன் மட்டும் போய்விடுவான்.

எனினும் வெறுங்கையால் அதைத் தொடலாகாது. நெருப்புப்புழு எனப்படும் இனத்தின் வெண்சுணைகள் விரலில் குத்தி, ஒடிந்து, தீப்பட்டாற்போல் எரியும். குத்திவிட்டால் தேய்க்காமல், செலோடேப்பை ஒட்டி உரித்து எடுக்க வேண்டும். வீக்கம் தணியாவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உண்மையான பகைவர்

பகைவரே இல்லை என்று நாம் கூறவில்லை. இங்கிலாந்தின் நியூகீ நகரில் உள்ள மீன் காட்சியகம் ஒன்றில் 2009இல் நடந்ததைக் கேளுங்கள். ஒரு தொட்டியில் பவளங்கள் துண்டாகிக் கிடந்தன. மீன்களுக்குக் காயம் ஏற்பட்டது. காரணம் விளங்கவில்லை. இறுதியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தனர். உள்ளேயிருந்து ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள ஒரு புழு வெளிப்பட்டது! பாறையோடு சிறியதாக வந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்ந்தது அது. இவ்வகைப் பெரும்புழுவின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். உடல் வானவில் போல் மினுங்கும். வலிய தாடைகள் உண்டு. உணர்கொம்புகளை எண்ணச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

இரவில் தொட்டியிலிருந்து "டக், டக்" என்று ஓசை வந்தால் இருவரில் ஒருவர் இருக்கிறார். ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாயிருந்தால் அது துப்பாக்கி இறால். அக்கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும். பெரும்பாலும் அதனால் தொல்லை இல்லை. காம்பின்மேல் சுழலும் இரு கண்களும், கும்பிடுபூச்சி போல் மடித்து வைத்த முன்கைகளும் இருந்தால் அது மாண்டிஸ் இறால். சங்கையும் நண்டோட்டையும் அடித்து நொறுக்கும், சிறு மீன்களைக் கொல்லும், கைவிரலைக் கிழித்துவிடும். ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்கையைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி போன்ற பழுப்பு உடலும் மெல்லிய விரல்களும் கொண்டு பூப்போல் விரியும் சிறிய கடற்சாமந்தியைக் கண்டு பலர் மகிழ்கின்றனர். அது ஐப்டேசியா எனப்படும் களை. பிய்த்து எறிந்தால், பாறையில் ஒட்டி நிற்கும் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுச் சாமந்தியாக வளரும். இங்கே அவசரம் பகையைப் பத்தாகப் பெருக்கும். அதை உண்ணும் ஒரு வகைச் சிற்றிறாலை விடுவதோ, சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் அதன் வாயில் செலுத்துவதோதான் வழி.

கூம்பு வடிவில், வழவழப்பாக, அழகிய கோலங்களுடன், நீண்ட ஒடுங்கிய வாயுடைய சங்கு உயிரோடு காணப்பட்டால் கையால் எடுக்காதீர்கள். கூம்புச் சங்குகள் நஞ்சு தோய்ந்த அம்பு போன்ற பல்லைச் செலுத்துபவை. மீன் தின்னும் சில இனங்கள் மனிதரையும் கொன்றுள்ளன. அந்நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அதே குலத்து நஞ்சிலிருந்து பிறந்த வலிநீக்கி மருந்து ஒன்று 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது என்பதையும் அறிந்து வைப்போம்.

கொதிநீர் ஏன் கூடாது?

பாறைமேல் பொத்தான்கள் போல் கூட்டமாக ஒட்டி விரியும் உயிர்கள் உண்டு. சோவாந்திட் என்பர். அவற்றுள் சில இனங்களில் பாலிதாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த அவ்வகை உயிரிலிருந்து 1971இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. பாறையைக் கொதிக்க வைத்தாலோ, சுடுநீர் ஊற்றித் தேய்த்தாலோ அந்நஞ்சு ஆவியோடும் நீர்த்திவலையோடும் கலந்து வீடு முழுவதும் பரவக்கூடும். இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், வாயில் கசப்பு, தசைவலி ஆகியவை தோன்றும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் 2018இல் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்த பவளத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தனர். குடும்பத்தார் அறுவரும் மருத்துவமனை சேர நேர்ந்தது. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எனவே பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள். வெயிலில் உலர்ந்ததை உடைக்கவும் சுரண்டவும் செய்யாதீர்கள். தொட்டிக்குள் கைவிடும்போது ரப்பர்க் கையுறை அணியுங்கள். விரலில் காயமிருந்தால் அன்று கைவிடாதீர்கள். குழந்தைகளை இவ்வேலையில் ஈடுபடுத்த வேண்டாம்.

கடலில் ஏன் விடக் கூடாது?

இதுவே எல்லாவற்றிலும் பெரிய செய்தி. கடலிலிருந்து வந்ததைக் கடலில் விடுவதில் என்ன குற்றம் என்று தோன்றும். ஆனால் கடல் ஒன்றல்ல. கடைத் தொட்டியில் இந்தோனேசியாவின் மீனும், செங்கடலின் பாசியும், அமெரிக்கக் கரையின் நத்தையும் ஒரே நீரில் கலந்திருக்கலாம். எது எங்கிருந்து வந்தது என்று விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

1984இல் பிரான்சை அடுத்த மொனாக்கோவில், புகழ்பெற்ற கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் ஒரு பச்சைப் பாசி காணப்பட்டது. கலெர்பா என்பது அதன் பெயர். மீன்தொட்டிகளை அழகுபடுத்த வளர்க்கப்பட்ட வகை அது. ஒரு பாய் விரிக்கும் இடமே அன்று அதற்கு இருந்தது. பறித்திருந்தால் ஒரு பகல் வேலை. பொருட்படுத்தாமல் விட்டனர். அடுத்த இருபதாண்டுகளுக்குள் அது மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் படர்ந்து, அங்கே இயல்பாக வளரும் கடற்புல்லை நெருக்கியது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் அதே பாசி தென்பட்டபோது உடனே இனங்கண்டு, தார்ப்பாயால் மூடி, குளோரின் செலுத்தி அழித்தனர். முற்றும் ஒழிந்ததென்று 2006இல்தான் அறிவிக்க முடிந்தது.

நம் கரைக்கும் இவ்வாறு வந்தவை உண்டு. அமெரிக்க வெப்பக் கடல்களைச் சேர்ந்த கறுப்புக் கோடுடைய ஒரு சிறு ஆளிச் சிப்பி, கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்து 1967இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் காணப்பட்டது. பின்னர் மும்பைத் துறைமுகத்திலும் குடியேறியது. அதே சிப்பி 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் படகுத்துறைகளில் தோன்றியது. ஆறு திங்களுக்கு முன் அங்கே அது இல்லை. அத்துறைகளுக்கு நீர்க்கதவுகள் இருந்தன. கதவுகளை அடைத்து, மருந்திட்டு, சில வாரங்களில் அதை அடியோடு ஒழித்தனர். கதவு இருந்த இடத்தில் வென்றார்கள். திறந்த கடலோடு கலந்த துறைகளில் அச்சிப்பி நிலைத்துவிட்டது.

நம் சென்னைக்கு வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அண்மை ஆண்டுகளில் நிகழ்வதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய ஓர் ஆளி அங்கே சேற்றுத் தரையைக் கம்பளம் போல் மூடி வருகிறது. காக்கா ஆழி என்று மீனவர் அதை அழைக்கின்றனர். இறால் பதுங்கவும் மட்டி வாழவும் இருந்த சேறு அதன் அடியில் மறைந்துபோகிறது. நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் ஏழைகளின் காலை அதன் ஓடு அறுக்கிறது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அது மீன்தொட்டியிலிருந்து வந்ததன்று. கப்பலின் அடியிலோ, கப்பல் சுமந்து வந்த நீரிலோ வந்திருக்க வேண்டும் என்பர் அறிந்தோர். ஆனால் கப்பலில் தொற்றி வந்ததற்கும் பாறையில் தொற்றி வந்ததற்கும் கடல் வேறுபாடு பாராட்டாது. நன்னீரிலும் இதே கதைதான். 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்ற தென்னமெரிக்க மீன், வளர்ந்து பெருத்ததும் ஏரியில் விடப்பட்டு, இன்று சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது.

கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் கழிமுகத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஒரு வாளி நீரை அங்கே கவிழ்ப்பவர் அக்குடும்பங்களின் அடுப்பில் கைவைக்கிறார். வீட்டுச் சாக்கடையில் ஊற்றினாலும் போதாது. செலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் செல்கிறது. அச்சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகும். மழைக்காலத்தில் நம் தெருவுக்கும் கடலுக்கும் இடையே கதவு கிடையாது.

செய்ய வேண்டியவை

டார்வின் நகரத்தாருக்கு இருந்த அடைத்த கதவு, செலையூர்ச் சகோதரருக்கும் இருக்கிறது. அவருடைய தொட்டியின் நான்கு கண்ணாடிச் சுவர்களே அக்கதவு. உள்ளே இருப்பது எங்கும் ஓடிவிடாது. ஆகவே அவசரப்பட வேண்டிய காரணமே இல்லை. தொட்டிக்குள் பொறுமை, தொட்டிக்கு வெளியே கண்டிப்பு: இவ்விரண்டையும் கடைப்பிடித்தால் போதும்.

முதலாவதாக, இன்றே நீரின் அம்மோனியாவைச் சோதிக்கவும். கடைகளில் அதற்கான சோதனைப் பெட்டி கிடைக்கும். அளவு கூடியிருந்தால் நீரில் ஒரு பகுதியை மாற்றவும்.

இரண்டாவதாக, ஒரு வாரம் இரவில் பார்த்துக் குறிப்பெழுதவும். புழு உயிருள்ள மீனைத் துரத்துகிறதா, மீந்த உணவை மட்டும் தின்கிறதா என்பதே முக்கியம்.

மூன்றாவதாக, ஐயம் தீராவிடில் அதைப் பிடிக்கவும். ஒரு சிறு புட்டியில் இறால் துண்டைப் போட்டு, பாறையின் மேல் சாய்த்து வைத்தால் இரவில் உள்ளே வந்துவிடும். நண்டோ மாண்டிஸ் இறாலோ பொந்தில் ஒளிந்திருந்தால், பாறையை வெளியே எடுத்து, உப்பு மிகுந்த கடல்நீரில் சில நிமிடம் அமிழ்த்தினால் அவை தாமே வெளியே ஓடிவரும். பிடித்ததைத் தொட்டிநீர் நிரம்பிய வேறொரு பாத்திரத்தில், காற்றுக் குழாயுடன் வைத்துக் கவனிக்கலாம். படத்தையும் குறிப்பையும் அறிந்தவரிடம் காட்டலாம். தாம்பரம் கல்லூரியில் விலங்கியல் கற்போரும் கற்பிப்போரும் உள்ளனர். சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையமும், முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. இவ்வளவு அறிவு நம்மைச் சுற்றி இருக்கையில் இருட்டில் அஞ்சிக்கொண்டிருப்பானேன்?

நான்காவதாக, எது வேண்டாமென்று முடிவானாலும் அதைக் கடலிலோ ஏரியிலோ சாக்கடையிலோ விடலாகாது. வேறு தொட்டி வைத்திருப்போர் விரும்பினால் கொடுக்கலாம். இல்லையேல் மூடிய உறையிலிட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டு மண்ணில் புதைக்க வேண்டும். கழிக்கும் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்த பின்பே ஊற்ற வேண்டும்.

ஐந்தாவதாக, இனி வாங்கும் பாறையையும் பாசியையும் நேரே தொட்டியில் வைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கடல்நீரும் காற்றுப் பம்பும் வைத்து, நான்கு முதல் ஆறு வாரம் தனியே வைத்திருந்து, இரவுதோறும் பார்த்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அறிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

சகோதரரின் புழு அவர் சொன்ன அடையாளங்களின்படி துப்புரவு செய்யும் சுணைப்புழுவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆயினும் நாம் அதைக் கண்ணால் கண்டோமில்லை. தலையிலுள்ள உணர்கொம்புகளை எண்ணினோமில்லை. அவர் எண்ணி எழுதட்டும். எண்ணும்வரை அப்புழு பாறைப் பொந்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.